ரெட்டை மூட்டைத் தடம்

காலை ஆறு பத்து. கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது, வாசலில் நின்ற குதிரையின் முதுகுக்குக் குறுக்கே கிடந்த என் தையல் நாடா. அதன் ஒரு முனை இடப்பக்கத்து உருளைக்கிழங்கு மூட்டையின் மேல், என் கணவரின் கட்டைவிரலுக்கு அடியில் இருந்தது. மறுமுனையை வலப்பக்கத்து மூட்டையின் மேல் குதிரைக்காரர் பிடித்திருந்தார். தை மாதப் பனி இன்னும் விலகவில்லை. குதிரை என் செவ்வந்திச் செடியைத் தின்றுகொண்டிருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டும் இருந்தார்கள்.

"குதிரைக்குச் சட்டை தைக்கப் போறீங்களா?" என்று கேட்டேன்.

"இந்தா, பேச்சுக் குடுக்காத" என்றார் கணவர். குனிந்து நாடாவைப் படித்தார். "நாப்பத்தேழு அங்குலம். இதுக்கு மேல தடத்துல எடம் இருக்குமாப்பா?"

"அம்புட்டுத்தாண்ணே. ரெட்டை மூட்டைத் தடம். மூட்டை உரசாமப் போகும், உரசாம வரும்" என்றார் குதிரைக்காரர். பிறகு என்னைப் பார்த்து, "பேப்பரம்மா, ஒரு காப்பி கெடைக்குமா?" என்றார்.

நான் மதுரையில் ஒரு நாளிதழின் செய்தி மேசையில் பல வருடம் இருந்தவள். திருமணத்துக்குப் பிறகும் அங்கேயே இருந்தேன். அந்த வேலை முடிந்த பிறகுதான் கணவரின் ஊரான பூம்பாறைக்கு வந்தேன். வந்த நாளிலிருந்து ஊருக்கு நான் பேப்பரம்மா. பேப்பர் போடுகிறவள் என்று நினைத்துக்கொண்டு சந்தா கேட்டவர்களும் உண்டு.

ஊர் சரிவில் இருக்கிறது. வீடுகள் மேலே, வயல்கள் கீழே, தட்டுத் தட்டாக. விளைந்தது எல்லாம் மேலே ஏறியாக வேண்டும். ஏற்றுவது குதிரை. அதனால் இங்கே தடத்தின் அகலத்தை யாரும் அடியில் சொல்வதில்லை. தலைச்சுமைத் தடம், ஒத்தை மூட்டைத் தடம், ரெட்டை மூட்டைத் தடம், அவ்வளவுதான். ரெட்டை மூட்டை என்றால் இரண்டு பக்கமும் மூட்டை கட்டிய குதிரை சுவரில் இடிக்காமல் போகலாம் என்று பொருள். எங்கள் வீட்டிலிருந்து கீழ் வயலுக்குப் போகும் தடம் அந்த வகை. ஊரில் யாரை எழுப்பிக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள்.

கீழ் வயல் என் கணவரின் அக்காவுடையது. அவரை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். அவருடைய கணவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார். வயலை அண்ணிதான் பார்க்கிறார். போடுவது மலைப்பூண்டு. ஒவ்வொரு போகத்திலும் நல்ல பூண்டைத் தனியாக எடுத்து, தாளோடு கட்டுக்கட்டாக முடிந்து, அடுப்புக்கு மேல் புகையில் தொங்கவிட்டு, அதைத்தான் அடுத்த போகத்துக்கு விதையாக நடுவார். வெளி விதை வாங்கமாட்டார். பிடுங்கிய பூண்டு நனைந்தால் தோல் கறுத்து, பல் அழுகி, விதைக்கு ஆகாது. போன ஆவணியில் பாதி அப்படித்தான் போனது. ஆகஸ்ட் விடுமுறை நாட்களில் குதிரைக்காரரின் குதிரைகள் கொடைக்கானல் ஏரிக்கரையில் சுற்றுலாக்காரர்களைச் சுமந்துகொண்டிருந்தன. அவை திரும்புவதற்குள் மழை வந்துவிட்டது. மிச்சம் இருந்த விதையைப் பாதி வயலில் நட்டு, மறு பாதியில் அண்ணி காரட் போட்டார். இன்னொரு தடவை நனைந்தால் விதையே இருக்காது.

"இனிமே உன் பூண்டு குதிரைக்காகக் காத்துக் கெடக்காதுக்கா" என்று என் கணவர் அப்போது சொன்னார். சொன்னதோடு விட்டிருக்கலாம்.

அவருக்குத் தொழில் தங்கும் விடுதிகளில் வெந்நீர் ஹீட்டர் பழுது பார்ப்பது. கொடைக்கானலில் ஹீட்டர் கெட்டால் விருந்தினர் அறையைக் காலி செய்துவிடுவார், அதனால் அவருக்கு மரியாதை அதிகம். அந்த மரியாதை அவரை எதையும் செய்துவிடலாம் என்று நம்பவைத்திருந்தது. கொடைக்கானல் பஜாரில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் பாய் அவருடைய நண்பர். வெளிநாட்டில் யாரோ குழாய்களை ஒட்டி, நடுவில் எஞ்சினை வைத்து, மணல் மேட்டில் தாவிப் போகும் வண்டியை இருவரும் கைபேசியில் பார்த்தார்கள். பார்த்தார்கள் என்றால், ஒரு மழைக்காலம் முழுக்கப் பார்த்தார்கள்.

காய்கறி லாரியில் ஒரு பழைய சின்ன காரின் எஞ்சின் வந்து இறங்கியது. அதோடு கியர் பாக்ஸ், நான்கு சக்கரம், ஸ்டியரிங். அவற்றைக் கணவர் பிளம்ஸ் மரத்தடியில் வைத்தார். மழை என்றதும் எஞ்சின் குளியலறைக்கு வந்தது. நாங்கள் குளிக்க அண்ணி வீட்டுக்குப் போனோம். கியர் பாக்ஸுக்குள் ஆயில் உறைந்துவிடுகிறது என்று அதை அடுப்போரத்தில் வைத்தார். தோசை வார்க்கும்போது அதைச் சுற்றித்தான் நான் நடக்க வேண்டும். என் குக்கர் ரப்பரை வெட்டி பெட்ரோல் மூடிக்குள் வைத்தார். ஓட்டுநர் இருக்கைக்கு என் பிளாஸ்டிக் நாற்காலியின் கால்களை அறுத்தார். கால்களை மட்டும் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தார்.

"இத வச்சு நான் என்ன செய்யட்டும்?"

"செடிக்கு முட்டுக் குடேன்."

ஞாயிறுதோறும் பாய் கையடக்க வெல்டிங் மிஷினோடு பஸ்ஸில் வருவார். இரண்டு பேரும் குழாய்களை வளைத்தார்கள், ஒட்டினார்கள், பிடிக்கவில்லை என்று அறுத்தார்கள். சக்கரத்துக்கு வெளிப்பக்கம் நாற்பத்தாறு அங்குலம் இருக்க வேண்டும் என்று, ஆக்சிலை லேத்தில் கொடுத்து வெட்டிக் குறுக்கினார்கள். தடத்தில் ஓர் அங்குலம் மிச்சம் வரும் என்பது கணக்கு. எஞ்சின் பின்னால், இருக்கை நடுவில், மூட்டை வைக்க இரண்டு பக்கமும் தட்டு. எஞ்சின் சூடானால் விசிறியை ஓடவைக்க ஒரு ஹீட்டரின் தெர்மோஸ்டாட். இதைப் பற்றி மட்டும் அவர் என்னிடம் மூன்று முறை விளக்கினார்.

மாலையானால் ஊர் ஆண்கள் ஸ்வெட்டருக்குள் கையை விட்டுக்கொண்டு வந்து நிற்பார்கள். ஆளுக்கு ஒரு யோசனை சொல்வார்கள். ஒருவர் சொன்னதற்கு நேர் எதிராக அடுத்தவர் சொல்வார். என் கணவர் இரண்டுக்கும் தலையாட்டுவார். வண்டி குழாய்களும் பலகைகளுமாக இருந்ததால் அதற்குக் கட்டில் என்று பெயர் விழுந்தது. பெயர் வைத்தது அண்ணி.

"என்ன தம்பி, கட்டிலு எப்ப கெளம்பும்?"

"ஆனி முடியட்டும்க்கா."

"மெத்தை நான் வாங்கித் தாரேன்."

முதல் ஓட்டம் பள்ளி மைதானத்தில். ஞாயிற்றுக்கிழமை காலை, ஊர் பூராவும் வந்திருந்தது. வண்டி கிளம்பியது என்பதை முதலில் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் அதை நான் எதிர்பார்க்கவில்லை. சத்தம் மன்னவனூர் வரைக்கும் கேட்டிருக்கும். இடப்பக்கம் சீராகத் திரும்பியது. வலப்பக்கம் திரும்பச் சொன்னால் சற்று யோசித்தது. அதனால் என் கணவர் மைதானத்தை இடமாகவே சுற்றினார். கோயிலை அப்பிரதட்சணமாகச் சுற்றுகிற மாதிரி இருக்கிறது என்று ஒருவர் குறைப்பட்டார். பிரேக் பின் சக்கரத்தில் மட்டும்தான். கோல் கம்பத்துக்குச் சற்று முன்னால் வண்டி நின்றது. பாய் கண்ணை மூடிக்கொண்டு வாய்க்குள் ஏதோ ஓதிக்கொண்டிருந்தார். திறந்ததும் முதலில் வண்டிக்கு அடியில் படுத்து ஒட்டுகளைப் பார்த்தார்.

"ஒரு ஒட்டுகூட விடலைம்மா" என்றார் என்னிடம். வேறு எதைப் பற்றியும் அவர் பொறுப்பேற்பதாகத் தெரியவில்லை.

அடுத்தது எடை வைத்து ஓட்டுவது. அண்ணியை ஒரு பக்கத் தட்டில் உட்காரச் சொன்னார் கணவர்.

"நான் என்ன மூட்டையாலே?"

"ஒரு அஞ்சு நிமிசம்க்கா."

"உன் பொண்டாட்டிய வச்சு ஓட்டிக்க."

நான் உட்காரவில்லை. மணல் மூட்டைகள் உட்கார்ந்தன. கோயில் பக்கத்துச் சிமெண்ட் சரிவில் வண்டி இரண்டு மூட்டையோடு ஏறியது, இறங்கியது, திரும்பவும் ஏறியது. வலப்பக்கத் திருப்பத்தைப் பாய் சரிசெய்தார். அந்த வாரம் முழுக்க என் கணவர் வீட்டில் இருந்த நேரமெல்லாம் சிரித்த முகமாக இருந்தார். நானும் சற்று நம்பத் தொடங்கினேன்.

ஆனால் தடத்தில் அவர் ஒருமுறைகூட ஓட்டிப் பார்க்கவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"அளந்தாச்சுல்ல" என்றார்.

"எறங்கித்தான் பாருங்களேன்."

"நாப்பத்தேழுல நாப்பத்தாறு போகாதா? நீ படிச்சவதான?"

அதற்குப் பிறகு செய்ததுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. வண்டி தடத்தில் இறங்குவதற்கு முன்பே, குதிரைக்காரரை டீக்கடையில் பார்த்து, "இந்தப் போகத்துக்கு நீங்க வரவேண்டாம்ப்பா" என்று சொல்லிவிட்டு வந்தார். இங்கே ஒரு வயலுக்கு ஒரு குதிரைக்காரர்தான். அவர் வராவிட்டால் அடுத்தவர் வரமாட்டார். அது அவர்களுக்குள் இருக்கும் முறை. ஆளை நிறுத்துவதென்றால் அறுப்பு முடிந்து, கணக்குத் தீர்த்து, வீட்டில் சோறு போட்டுச் சொல்வார்கள். டீக்கடையில் சொல்வதில்லை.

"அவர் என்ன சொன்னார்?"

"டீக்குக் காசு அவரே குடுத்துட்டாரு."

அண்ணிக்குத் தெரிந்தபோது அவர் சத்தம் போடவில்லை. "வண்டி ஓடலைன்னா விதைப்பூண்ட உன் தலையில வச்சு ஏத்துவேன்" என்று மட்டும் தம்பியிடம் சொன்னார்.

ஆவணியில் பூண்டு பிடுங்கினார்கள். இரண்டு நாள் வெயில் கிடைத்தது. மூன்றாம் நாள் காலையில் பெருமாள் மலைப் பக்கம் மேகம் கூடியிருந்தது. அண்ணி ஆட்களோடு வெள்ளனே கீழே போய்விட்டார். மூட்டைகளையும் விதைக் கட்டுகளையும் தயாராக வைத்திருப்பார். என் கணவர் வண்டிக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி நசுக்கினார். நான் பின்னால் நடந்தேன். எஞ்சின் புகை முழுக்க எனக்கு.

ஊராட்சி போட்ட சிமெண்ட் பாதை முடிகிற வரைக்கும் சிரமம் இல்லை. பிறகு இரண்டு பக்கமும் தட்டுச் சுவர்கள் தொடங்கின. வண்டி அவற்றுக்கு நடுவே நுழைந்தது. கணவர் திரும்பி என்னைப் பார்த்துக் கட்டைவிரலைக் காட்டினார். முன்னால் பார்த்து ஓட்டச் சொன்னேன். பாதி தூரத்தில், ஒரு பக்கம் பாறையும் மறுபக்கம் பள்ளத்தை ஒட்டிய சுவரும் உள்ள வளைவில், வண்டி நின்றது. பிரேக் போட்டு நின்றதல்ல. பாத்திரத்துக்குள் பாத்திரம் சிக்குகிற மாதிரி நின்றது.

பின்னால் போகப் பார்த்தார். சக்கரங்கள் சுற்றின. மண் என் சேலையில் அடித்தது. முன்னால் போகப் பார்த்தார். அதே சுற்றல். எஞ்சினை நிறுத்திய பிறகு நான் குனிந்து பார்த்தேன். விஷயம் மிகவும் எளிது. தடம் புனல் மாதிரி இருந்தது, மேலே அகலம், கீழே குறுகல். குதிரை ஒரு காலுக்கு முன்னால் இன்னொரு காலை வைத்து நடக்கும். தலைமுறை தலைமுறையாக அப்படி நடந்து, குளம்பு படுகிற இடத்தில் மட்டும் ஒரு ஓடை விழுந்திருந்தது. அதற்கு இரண்டு பக்கமும் மண் சரிவாக ஏறி, மூட்டை வருகிற உயரத்தில்தான் நாற்பத்தேழு அங்குலம் இருந்தது. எங்கள் வண்டிக்குச் சக்கரம் இருப்பது தரையில். நான்கு சக்கரமும் இரு சரிவுகளிலும் சாய்ந்து ஓரத்தால் மட்டும் தொட்டுக்கொண்டிருக்க, பக்கக் குழாய்கள் பாறையிலும் சுவரிலும் இறுகியிருக்க, வண்டி அந்தரத்தில் நின்றது. ஊரில் அத்தனை பேரும் தினமும் அந்த ஓடையில் கால் வைத்துத்தான் நடக்கிறோம்.

அப்போது கீழேயிருந்து மணிச் சத்தம் கேட்டது. குதிரைக்காரர் வேறொருவரின் காரட்டை ஏற்றிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். மூன்று குதிரை, ரெட்டை மூட்டை, கூடவே காரட் வயல் ஆட்கள் சிலர். முதல் குதிரை வண்டியின் முகப்புக்கு வந்து நின்று, குழாயை மோந்து பார்த்தது.

"அண்ணே, பின்னால போங்க" என்றார் குதிரைக்காரர்.

"போகாதுப்பா."

"அப்ப முன்னால வாங்க. நான் குதிரையத் திருப்பிக்கிறேன்."

"வராது."

குதிரைக்காரர் பீடியைப் பற்றவைத்தார். "ஓகோ. இங்கனயே குடித்தனமா."

"ரெட்டை மூட்டைத் தடம்னு நீங்கதானப்பா சொன்னீங்க?"

"ஆமா. இப்பவும் சொல்றேன். இந்தா, என் குதிரை ரெட்டை மூட்டையோட நிக்குதுல்ல."

"உரசாதுன்னீங்க."

"மூட்டை உரசாதுன்னேன். கட்டில் உரசாதுன்னா சொன்னேன்?"

இதற்குள் அண்ணி கீழேயிருந்து ஏறி வந்துவிட்டார். சுவர் மேல் ஏறிக் குதிரைகளைத் தாண்டி வந்து, குழாய்க் கூண்டுக்குள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்த தம்பியைப் பார்த்தார். பிறகு வானத்தைப் பார்த்தார்.

"பூண்டு வெட்டவெளியில கெடக்கு. மேகம் எறங்குது. நீ எந்திரிச்சு வா."

"இருக்கா. ரெண்டு கல்லு குடுத்தா ஏறிரும்."

கல் கொடுத்தார்கள். கல் உருண்டது. பலகை கொடுத்தார்கள். பலகை உடைந்தது. ஜாக்கி வைக்கத் தட்டையான தரை ஒரு சாண்கூட இல்லை. குதிரைகளைப் பூட்டி இழுக்கலாமா என்று என் கணவர் கேட்டார்.

"என் குதிரை சொமக்கும். இழுக்காது. மாடுன்னு நெனச்சீங்களா?" என்றார் குதிரைக்காரர். அவருக்கு அவசரம் இல்லை. காரட் நனைந்தால் காரட்டுக்கு ஒன்றும் ஆகாது.

கடப்பாரையால் சுவரைச் சற்று இடித்துக்கொள்ளலாம் என்பது என் கணவரின் அடுத்த யோசனை. மேல்தட்டு வயல் யாருடையது, அவருக்கு என்ன பதில் சொல்வது என்று நான் கேட்டேன். அந்த யோசனை கைவிடப்பட்டது. இப்படியாக முற்பகல் போனது. சோறு வீட்டில் இருந்தது, நாங்கள் தடத்தில் இருந்தோம்.

அண்ணி கீழே இறங்கிப் போனார். திரும்பி வந்தபோது அவரும் இரண்டு ஆட்களும் விதைக் கட்டுகளைத் தலையில் வைத்திருந்தார்கள். அந்த வளைவில் ஒதுங்கிப் போக வழியில்லை. வண்டிக்குள் நுழைந்துதான் மறுபக்கம் வர வேண்டும். அண்ணி முதல் கட்டை முன் குழாய்களுக்கு நடுவே நீட்டித் தம்பியின் மடியில் போட்டார்.

"பிடி."

"அக்கா, நான் இத—"

"பிடிலே. பின்னால குடு."

அவர் ஸ்டியரிங்கை விட்டார். கட்டை வாங்கி, தலைக்கு மேல், எஞ்சினைத் தாண்டி என் கையில் கொடுத்தார். நான் வாங்கி மேலே ஈரமில்லாத பாறை மேல் அடுக்கினேன். அடுத்தது வந்தது. பூண்டு வாசமும் பெட்ரோல் வாசமும் ஒன்றாக அடித்தன. எஞ்சின் சூடு இன்னும் ஆறவில்லை. தெர்மோஸ்டாட் சரியாக வேலை செய்து விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அதை அவர் எனக்குச் சுட்டிக்காட்டினார். நான் அடுத்த கட்டுக்குக் கையை நீட்டினேன்.

"பரவால்ல" என்றார் குதிரைக்காரர், பாறையில் சாய்ந்தபடி. "கட்டிலு பூண்டு ஏத்துது."

விதைக் கட்டுகள் எல்லாம் வந்துவிட்டன. அவற்றைத் தலைச்சுமையாக நானும் ஓர் ஆளும் வீட்டுக்கு ஏற்றலாம். ஆனால் மூட்டைகள் குதிரை ஏறாமல் வராது. குதிரை ஏற வண்டி விலக வேண்டும். வண்டி விலக ஒரே வழி எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

முதல் சுமையோடு வீட்டுக்குப் போனபோது, டவர் கிடைக்கிற இடத்தில் நின்று பாய்க்குப் போன் செய்தேன்.

"பாய், வண்டி தடத்துல சிக்கிக்கிச்சு."

"எந்த ஒட்டும்மா விட்டுச்சு?"

"ஒண்ணும் விடல. எல்லாம் நல்லா இருக்கு."

"அல்ஹம்துலில்லாஹ்."

"அதத்தான் அறுக்கணும்."

"நீங்க பேப்பர்ல இருந்தவங்க, பக்குவமாச் சொல்லியிருக்கலாம்" என்றார் பாய். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார். "நான் பஸ்ஸப் பிடிச்சு வர்றதுக்குள்ள மழை வந்துரும். வெட்டுற ரம்பம் செவப்பு டப்பாவுல இருக்கும். சீட்டுக்குப் பின்னால, மேல ரெண்டு குழா, நடுவுல ரெண்டு, கீழ ரெண்டு. ஒட்டுல கை வைக்காதீங்க. ஒட்டுக்கு ஒரு சாண் தள்ளி அறுங்க. திரும்ப ஒட்டணும்ல."

பழைய பழக்கத்தில் அவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொண்டேன். திரும்ப ஒட்டணும் என்பதை மட்டும் திருப்பிச் சொல்லவில்லை.

ரம்பத்தோடு வளைவுக்கு இறங்கியபோது மேகம் தடத்துக்குள்ளேயே வந்துவிட்டிருந்தது. மூன்றாவது குதிரை தெரியவில்லை, மணி மட்டும் கேட்டது. பாய் சொன்னதைச் சொன்னேன். என் கணவர் கேட்டுக்கொண்டார்.

"இன்னும் ஒரு தடவ கல்லு வச்சுப் பாப்பமே" என்றார்.

அண்ணி முன்பக்கமாகக் கூண்டுக்குள் ஏறி வந்து, எஞ்சினைத் தாண்டிக் கையை நீட்டி என்னிடமிருந்து ரம்பத்தை வாங்கினார். தம்பியின் தோளுக்கு மேலாக அதை மேல் குழாயில் வைத்து இழுத்தார். தென்னை மட்டை அறுக்கிற மாதிரி அறுத்தார். பிளேடு முறுக்கிக்கொண்டது.

"அப்பிடி இல்லக்கா."

"பெறகு எப்பிடி?"

"சாய்க்காம இழுக்கணும்."

"நீ இழு அப்ப."

அவர் ரம்பத்தை வாங்கினார். ஆறு இடத்தையும் அவரேதான் அறுத்தார். ஒட்டுக்கு ஒரு சாண் தள்ளி. ஒவ்வொன்றையும் அறுக்கும் முன் கையால் சாண் வைத்துப் பார்த்துக்கொண்டார். கடைசிக் குழாய் அறுந்ததும் முன் பாதி தானாகவே ஓடைக்குள் சரிந்தது. காரட் ஆட்கள் அதைத் தூக்கிப் பள்ளத்துப் பக்கம் சுவர் மேல் சாய்த்தார்கள். எஞ்சின் இருந்த பின் பாதிக்கு மூங்கில் வேண்டியிருந்தது. ஆறு பேர் சேர்ந்து அகலமான இடம் வரை தூக்கிப் போனார்கள். என் கணவர் ஸ்டியரிங்கைக் கையில் வைத்துக்கொண்டு அவர்களுக்கு வழி சொல்லிக்கொண்டே பின்னால் போனார். வழி ஒன்றுதான் இருந்தது.

குதிரைகள் காரட்டோடு ஏறின. தடத்தில் முதலில் வந்தவருக்குத்தான் முதலில் வழி. அதை அண்ணியும் மறுக்கவில்லை. கடைசிக் குதிரையை ஓட்டிக்கொண்டு போன குதிரைக்காரரிடம், "எறக்கிட்டு வருவியாப்பா?" என்று மட்டும் கேட்டார்.

"வரமாட்டேன்னு யாருக்கா சொன்னா? வரவேண்டாம்னு உங்க தம்பிதான சொன்னாரு."

"அவன் சொன்னான். வயல் என்னுது."

"அப்ப வெரசா கட்டி வைங்க."

வந்தார். இரண்டு நடை ஏற்றினார். மூன்றாம் நடைக்கு இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. கீழ்த்தட்டில் மிச்சமிருந்த மூட்டைகள் நனைந்தன. அவற்றை அண்ணி அந்த வாரமே பல் உரித்து ஓட்டல்களுக்குக் கொடுத்தார். ஈரப் பூண்டு உரித்து எனக்கும் விரல் நுனி வெந்தது. விதைக் கட்டுகள் ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல் அண்ணி வீட்டு அடுப்புக்கு மேல் தொங்கின.

என் கணவர் போய்க் குதிரைக்காரரை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். அவர் வந்தார், இரண்டு முறை குழம்பு வாங்கிச் சாப்பிட்டார், வண்டியின் இரண்டு பாதிகளும் பிளம்ஸ் மரத்தடியில் கிடந்ததைப் பார்த்து, "இப்ப ரெண்டு கட்டிலா?" என்று கேட்டார். அவருடைய குதிரை என் செவ்வந்தியில் மிச்சம் இருந்ததையும் முடித்தது. அந்த ஞாயிறே பாய் பஸ்ஸில் வந்தார். இரண்டு பேரும் பாதிகளுக்கு நடுவே குந்தி உட்கார்ந்து, ஒத்தை மூட்டை அளவுக்குக் குறுக்கினால் போய்விடும் என்று பேசிக்கொண்டிருந்தது அடுப்படி வரை கேட்டது.

ஐப்பசி நடவுக்கு அண்ணியோடு விதைப்பூண்டை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். அந்த வளைவில் கூடையை இறக்கிவைத்துவிட்டு, தையல் நாடாவைக் குளம்போடைக்குக் குறுக்கே தரையில் விரித்து அளந்தேன். பதினாறு அங்குலம்.